அந்த இரண்டு மார்க்

ஓல்டார் நாட்டு மண்ணில் போய்ப் பிள்ளை பெற்றுவிட்டால் மட்டும் அது அந்த நாட்டுப் பிரஜை ஆகிவிடாது. பிறந்த மூன்றாம் நாள் அதற்கு ஒரு பரீட்சை உண்டு.

வயிற்றுக்குள் இருக்கும்போதே, ஐந்தாறு மாதத்தில், சிசுவுக்குக் காது திறந்துவிடுகிறது. வெளியே பேசும் மொழியின் ஏற்ற இறக்கம் அதற்குள் ஊறிவிடுகிறது. பிறந்த பிறகு அந்த மொழி காதில் விழுந்தால் வாயிலிருக்கும் ரப்பர் காம்பைச் சர்சர்ரென்று சப்பும். வேற்று மொழி விழுந்தால் தேமே என்று கிடக்கும். இதை ஒரு கருவி அளந்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். பிள்ளை பெறுவதையே மறந்துபோய், பள்ளிக்கூடங்களையெல்லாம் இழுத்துப் பூட்டிவிட்ட ஓல்டாருக்குப் பிள்ளைகள் வேண்டியிருந்தது. ஆனால் தன் மொழி ஊறிய பிள்ளைகளாக வேண்டியிருந்தது. அதனால் வெளிநாட்டுக் கர்ப்பிணிகளை ஐந்தாம் மாதத்திலேயே வரவழைத்து, தங்க இடம் கொடுத்து, வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டது. வயிற்றுக்குள் என்னென்ன கேட்கிறது என்பதை அந்தப் பட்டை வாராவாரம் கணக்கெடுத்து, இப்போது பரீட்சை வைத்தால் எத்தனை வரும் என்று காட்டும். நாற்பது எடுத்தால் பாஸ்.

நாற்பது என்றதும் நாமக்கல் பரணீதரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாப்பதெல்லாம் நம்மூர்ப் பண்ணைக் கோழிகூட எடுத்துரும்” என்றான் மனைவி வினோதினியிடம்.

பரணியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய் விடப்பட்டவன் அவன். காலை நாலரைக்கு மணி அடித்து எழுப்பி, ஏழு வருடம் உருவேற்றி, கணக்கில் சென்டம் எடுக்கவைத்து வெளியே அனுப்பினார்கள். தொண்ணூற்றொன்பது எடுத்த பக்கத்துப் படுக்கைக்காரன் அழுததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். பாஸ் மார்க் என்பது பாஸ் ஆக முடியாதவர்களுக்காக வைத்தது என்பதுதான் அவன் வளர்ந்த இடத்துப் பாடம்.

கல்யாணமான மறுமாதமே அவன் திட்டம் போட ஆரம்பித்துவிட்டான். எந்த மாதம் கரு தரித்தால் எந்த மாதம் விமானம், எந்த மருத்துவமனை, பரீட்சைக்கு எந்தக் கருவி என்று சுவரில் ஒட்டாத குறை. சேலம் ரோட்டில் இருந்த தொட்டில் கன்சல்டன்சியின் லோகநாதன், ஓல்டார் அரசின் விதிப் புத்தகத்தைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தார். அதில் ஒரு வரியை பரணி மஞ்சள் பேனாவால் தீட்டி வைத்திருந்தான். தொண்ணூறும் அதற்கு மேலும் பெறும் குழந்தையின் வளர்ப்பு முழுவதையும் அரசே ஏற்கும்.

“பாத்தயா, கவர்மென்ட் கோட்டா” என்றான். “மெரிட்ல வர்ற பிள்ளைக்கு எல்லா ஊர்லயும் மரியாதை ஒண்ணுதான்.”

கணவனுக்கு அனுமதி கிடையாது. ரிசல்ட் வந்த பிறகுதான் அவன் போகலாம். வினோதினி தனியாக விமானம் ஏறினாள்.

போய் இறங்கிய ஊரில் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட வேண்டியிருந்தது. முதல் நாலு வாரம் அவள் ஓல்டாரி மொழியை விழுந்து விழுந்து படித்தாள். ரொட்டி வாங்கப் போனால் ரொட்டிக்காரியிடம் பேசினாள், பஸ்ஸுக்கு நின்றால் பக்கத்துக் கிழவரிடம் பேசினாள், யாருமில்லாவிட்டால் வயிற்றைத் தடவிக்கொண்டு பிள்ளையிடமே பேசினாள். அந்த மொழியில் தொண்டைக்கு அடியிலிருந்து வரும் ஓர் ‘ஹ்ர’ உண்டு. அது மட்டும் அவளுக்கு வரவே இல்லை. அவள் சொன்னால் காறுவது மாதிரி இருந்தது. ரொட்டிக்காரி சிரிப்பாள், இவளும் சிரிப்பாள். பட்டை நாற்பத்து நாலு காட்டியது. மறு வாரம் நாற்பத்தாறு. அதோடு நின்றுவிட்டது.

“நாப்பத்தாறா!” என்று பரணி போனில் கத்தியதைக் கேட்டு, வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அவன் அம்மா ஓடிவந்தாள்.

“பாஸ்தானுங்க மாமா” என்றாள் வினோதினி.

“பார்டர்ல பாஸ் பண்றதெல்லாம் ஒரு பாஸா? வெளிய சொல்ல முடியுமா இதை?”

லோகநாதனை அழைப்பில் சேர்த்தான். அவர் நிதானமானவர். இந்த மாதிரி எத்தனையோ அம்மாக்களைப் பார்த்தவர்.

“தப்பு நம்ம பாப்பா மேல இல்லீங்க தம்பி” என்றார். “வெளிய இருந்து வர்ற சத்தம் குழந்தைக்குக் கொஞ்சமாத்தான் கேக்கும். அம்மா குரல் மட்டும் எலும்பு வழியா நேரா உள்ள எறங்கிரும். அம்மா உச்சரிப்பு கோணலா இருந்தா மார்க்கும் கோணலாத்தான் வரும்.”

“அப்ப என்னதானுங்க பண்றது?”

“வாயே தெறக்கக் கூடாது. தமிழும் வேண்டாம், அந்த ஊரு பாஷையும் வேண்டாம். அங்கயே பொறந்து வளந்த பொம்பளைங்க வந்து வயித்துகிட்ட உக்காந்து படிச்சுக் காட்டுவாங்க. குரல்காரிம்பாங்க. அந்தக் குரல் மட்டும்தான் உள்ள போகோணும். நம்ம பொம்பளைங்களுக்கு மௌன விரதம் என்ன புதுசுங்களா? நம்ம கிளையண்டு ஒரு அம்மா நாலு மாசம் இருந்து தொண்ணூத்தியாறு வாங்கினாங்க.”

“அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்குதுங்க?” என்று வினோதினி கேட்டாள்.

“சூப்பரா இருக்குதுங்கம்மா. அசல் ஓல்டார்க் குழந்தையாட்டமே.”

அன்றைக்கு மூடிய வாயை அவள் நூற்று மூன்று நாள் திறக்கவில்லை.

குரல்காரியின் பெயர் இர்மா. ஐம்பது வயதிருக்கும். காலை எட்டு மணிக்கு வந்து, நாற்காலியை வயிற்றுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, மாலை வரை வாசிப்பாள். முயல் கதை, கரடிக் கதை, அன்றைய செய்தித்தாள், வானிலை அறிக்கை, மீன் வறுக்கும் முறை என்று ஒன்று விடமாட்டாள். சம்பளத்துக்கு வருகிறாள் என்றுதான் வினோதினி நினைத்திருந்தாள். சம்பளத்துக்கு வருபவள் ஒருத்தி இத்தனை ஆசையோடு வாசிப்பாளா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. வேளைக்கு வேளை சூப் வைத்துத் தருபவளை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பரணி கூப்பிட்டால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பாள். பதிலை டைப் செய்து அனுப்புவாள். எழுபத்தொன்று, எண்பத்து மூன்று, தொண்ணூற்றிரண்டு என்று மார்க் ஏறிக்கொண்டே போனது. அவன் உற்சாகத்தில் மிதந்தான். இங்கே இவளுக்குப் பேச்சு தொண்டைவரை வந்து முட்டும். குளிக்கும்போது பழைய பாட்டு ஒன்று தானாக உதட்டுக்கு வரும். கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பிள்ளை உள்ளே புரளும்போது ‘தங்கம்’ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சொல்லமாட்டாள். தமிழில் ஒரு வார்த்தை விழுந்தாலும் பட்டை எழுதிக்கொள்ளும்.

எட்டாம் மாதத்தில் ஒன்றைக் கவனித்தாள். காலையில் வாசலில் இர்மாவின் குரல் கேட்டதும் பிள்ளை எட்டி உதைத்தது. அவள் கிளம்பிப் போனதும் அடங்கிவிட்டது. ஒருநாள் இர்மா வரவில்லை. பிள்ளை அன்றைக்கு முழுக்க அசையவே இல்லை. பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினாள். ஒன்றுமில்லை என்றார்கள்.

‘பாப்பா அவளத்தான் தேடுது மாமா’ என்று பரணிக்கு எழுதினாள்.

‘நல்லதுதானே. வாத்தியாரைத் தேடற பிள்ளைதான் உருப்படும்’ என்று பதில் வந்தது.

அக்டோபரில் பிரசவம் ஆனது. ஆண் பிள்ளை, மூன்று கிலோ. பதினான்கு மணி நேர வலி. பரீட்சை முடியும்வரை பிள்ளையருகில் பேசக் கூடாது என்பதால் பேசாமலே பால் கொடுத்தாள், பேசாமலே துணி மாற்றினாள், பேசாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பரணியின் காது, இவளுடைய மூக்கு. மூன்றாம் நாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தொண்ணூற்றெட்டு.

பரணி வீட்டில் பட்டாசு வெடித்தது போனிலேயே கேட்டது. லோகநாதன் அதற்குள் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளெக்ஸ் வைக்கச் சொல்லிவிட்டாராம். பிள்ளையின் படத்தை மட்டும் வெட்டிப் போட்டு, கீழே பெரிதாக மார்க்.

இனிப் பேசலாம் என்று நர்ஸ் சைகை காட்டினாள். வினோதினிக்கு இத்தனை நாள் சேர்த்துவைத்ததில் எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “கண்ணு... என்ற தங்கம்... அம்மா பாரு, அம்மா” என்றாள். குரல் துருப்பிடித்துப்போயிருந்தது.

பிள்ளை வீலென்று அலறியது. யாரோ முன்பின் தெரியாதவள் தூக்கிவிட்ட மாதிரி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறியது. வாசலில் நின்ற இர்மா ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. இர்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து, நல்ல மனுஷி, நம் சந்தோஷத்துக்கு இவளும் அழுகிறாள் என்று வினோதினி நினைத்துக்கொண்டாள்.

மதியம் ஓர் அதிகாரி அழைப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். தெல்வா என்ற பெண். வயதில் வினோதினியைவிடக் கொஞ்சம் மூத்தவள். மேசையில் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது. அது பாடப் புத்தகத் தமிழில் பேசியது.

“தங்கள் குழந்தை முழுச்செவி வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளது. வாழ்த்துகள். இன்று மாலை குழந்தை அதன் குரலிடம் ஒப்படைக்கப்படும். தங்கள் பயணச் சீட்டு நாளை மறுநாளுக்கு.”

“யாருகிட்டங்க? எதுக்கு?” என்றாள் வினோதினி.

தெல்வா விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். கருவி வாசித்தது. “நாற்பது முதல் எண்பத்தொன்பது வரை பெறும் குழந்தை இருசெவிக் குழந்தை. அது பெற்றோருடன் வளரும். பெற்றோர் இருவருக்கும் நிரந்தர வசிப்புரிமை உண்டு. தொண்ணூறும் அதற்கு மேலும் பெறும் குழந்தை முழுச்செவிக் குழந்தை. அது இந்த மொழியின் குழந்தை. அதன் வளர்ப்பு முழுவதையும் அரசே ஏற்கும்.”

“ஏத்துக்குமுன்னா... காசு குடுக்கறதுதானுங்களே? படிக்கவைக்கறதுதானுங்களே?”

“இல்லை. வளர்ப்பு. அக்குழந்தை எந்தக் குரலை அறிந்திருக்கிறதோ அக்குரலுக்கு உரியவரே தாய். வேற்று மொழி அதன் செவியில் விழக் கூடாது என்பதால் பெற்றோர் அதைச் சந்திக்க அனுமதி இல்லை. குரல்காரிகள் ஊதியம் பெறுவதில்லை. அவர்கள் பிள்ளையற்றோர் வரிசையில் காத்திருப்பவர்கள். திருமதி இர்மா பதினோரு ஆண்டுகள் காத்திருந்தார்.”

“நாப்பத்தாறு வாங்கியிருந்தா?” என்று கேட்டாள் வினோதினி.

“நாற்பத்தாறு நல்ல மதிப்பெண்” என்று கருவி சொன்னது. “தாங்கள் மூவரும் இங்கேயே வசித்திருப்பீர்கள். பெரும்பாலான தாய்மார் தம் கொச்சை உச்சரிப்பில் பேசி ஐம்பதுக்குள்தான் பெறுகிறார்கள். அதற்காகவே அவ்விதி. தாங்கள் ஏன் பேசுவதை நிறுத்தினீர்கள்? அதையே நாங்கள் சம்மதமாகக் கொண்டோம்.”

அதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் ஊரில் நாற்பத்தாறை வெளியே சொல்ல மாட்டோம் என்றா? வினோதினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரசவத்துக்கு அழுததைவிடப் பெரிதாக அழுதாள். தெல்வா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பரீட்சைத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

“இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது” என்றது கருவி. “தமிழ் ஒலிப்பதிவில் ‘அம்மா’ என்ற சொல் வந்தபோது குழந்தை சப்புவதை நிறுத்திச் செவிமடுத்தது. பட்டையின் பதிவில் நூற்று மூன்று நாட்களில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. பிரசவ அறையில், பன்னிரண்டாவது மணி நேரத்தில், தாங்கள் கத்திய சொல்.”

கத்தியது அவளுக்கு நினைவே இல்லை. துணியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான் நினைவிருந்தது.

“ஒரே முறை கேட்ட சொல்லைக் குழந்தை அடையாளம் காண்பது அரிது. மறுஆய்வு கோரினால் அந்தத் தருணத்துக்கு முழு எடை கொடுக்க விதியில் இடமுண்டு. மதிப்பெண் எண்பத்தெட்டாகக் குறையலாம். பெற்றோர் இருவரும் கையொப்பமிட வேண்டும். மூன்று நாள் அவகாசம். அதுவரை குழந்தை இங்கேயே இருக்கும்.”

வினோதினி அங்கேயே கையெழுத்துப் போட்டாள். வராந்தாவுக்கு வந்து பரணியைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

“இர்மாங்கறது அந்த சூப்பு வெச்சுத் தர்ற அம்மாதானே?” என்று கேட்டான் அவன்.

“ஆமாங்க.”

“நல்லவங்கன்னு நீதானே எழுதினே?”

“மாமா! என்ற பிள்ளைய எடுத்துக்கறாங்க மாமா!”

“அழுவாத. கேளு. நான் ஹாஸ்டல் போறப்ப எனக்குப் பத்து வயசு. ஞாயித்துக்கெழமை ஒருநாளுதான் அம்மா வரும். மொத மாசம் அழுதேன். அப்பறம் சரியாப்போச்சு. நான் இப்ப நல்லாத்தானே இருக்கறேன்? இவனுக்கு அழுவற வயசே இல்ல. வருசத்துக்கொருக்கா போய்ப் பாத்துக்கலாம்.”

“பாக்க உடமாட்டாங்க மாமா. நம்ம பாஷை காதுல உழுகக் கூடாதாமா.”

“பதினெட்டு வயசுல அவனே தேடி வருவான்.”

“எதுக்கு மாமா வருவான்? எந்தக் குரலத் தேடி வருவான்?”

அவனுக்குப் பின்னால் சொந்தக்காரர்களின் சத்தம் கேட்டது. யாரோ மைசூர்பாக் தட்டைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க கால்ல உழுகறனுங்க. கையெழுத்துப் போடுங்க. நமக்கு எண்பத்தெட்டு போதுமுங்க” என்றாள் வினோதினி.

“சரி, அழுவாத. ஃபாரத்த அனுப்பச் சொல்லு. போட்டறேன்.”

போட்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது. அன்று மாலையும் மறுநாளும் பிள்ளையிடம் வாய் ஓயாமல் பேசினாள். அது அழுதது. விடாமல் பேசினாள். இட்லி எப்படி இருக்கும் என்று சொன்னாள், நாமக்கல் மலைக்கோட்டையைச் சொன்னாள், அதன் அப்பனைத் திட்டினாள், பிறகு அவன் நல்லவன்தான் என்றும் சொன்னாள். தொண்டை கட்டிப்போய்க் குரல் கீச்சிட்டபோதும் பேசினாள். இரண்டாம் நாள் மதியம் ஒருமுறை ‘அம்மா’ என்று சொன்னபோது பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை தெல்வா கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. தெல்வா இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தந்தையின் விண்ணப்பம் கிடைத்தது. கையொப்பம் சரியாக உள்ளது” என்றது கருவி. “ஆனால் இப்படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று மதிப்பெண்ணைக் குறைக்க, மற்றொன்று உயர்த்த. தாங்கள் முதல் கட்டத்தைக் குறித்திருந்தீர்கள். தந்தை இரண்டாம் கட்டத்தைக் குறித்துள்ளார். அத்துடன், குறைந்த இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று விளக்கம் கேட்டு மூன்று பக்கக் கடிதமும் இணைத்துள்ளார். பெற்றோர் மாறுபட்டால் குழந்தைக்கு உயர்வான கோரிக்கையையே குழு ஏற்கும்.”

“ஏத்துக்கிட்டாங்களா?”

“ஏற்றது. பிரசவ வேதனையில் எழும் ஒலி எம்மொழிக்கும் உரியதன்று என்று குழு கருதுகிறது. அந்தச் சொல் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண் நூறு.”

அடுத்த அறையில் இர்மாவின் குரல் கேட்டது. முயல் கதையை ஆரம்பித்திருந்தாள். பிள்ளையின் சத்தமே இல்லை.

வினோதினியின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் பரணி. கல்யாணத்தன்றுகூட அழாதவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். பின்னால் அவன் அம்மா, லோகநாதன், அக்கம்பக்கத்தார் என்று வீடு நிறைந்திருந்தது.

“சென்டம், வினோ! நம்ம பையன் சென்டம்! நான் சொன்னனில்ல, கேட்டா குடுப்பாங்கன்னு!” என்றான். “எல்லாரும் உன்றகிட்டப் பேசோணுங்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லு... வினோ? ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கற?”